வேலியை ஒட்டிய கட்டம்

மூன்று நாளாய் அந்தப் பலகை
ஒரே இடத்தில் செத்துக்கொண்டிருக்கிறது.
மின்சாரம் கொடுத்தால் எழுகிறது,
தன் பிளாஷ் நினைவகத்தில் எந்தக் கட்டம் பழுது என்று
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்துப் போகிறது,
ஆயிரத்து இருபத்து நான்கில் கை வைத்ததும்
பட்டென்று அணைகிறது.
பிழைச்செய்தி இல்லை, முனகல்கூட இல்லை.
மறுபடி முதலிலிருந்து எழுகிறது
ஒன்றுமே நடக்காததுபோல.

இன்கேரி கேபிளை மாற்றினாள்.
பவர் சப்ளையை மாற்றினாள்.
கம்பளிக் காலுறையில் சேரும் மின்னைச் சந்தேகித்து
காலுறையையும் கழற்றினாள்.
ஔலுவில் ஜனவரி, மூன்று மணிக்கே இருட்டு,
சன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு.

கடைசியில் சிப் செய்தவர்களிடமிருந்து
இரண்டு எண்கள் வந்தன:
ஒரு தொடக்கம், ஒரு நீளம்.
அவ்வளவு தூரமும் சாவிகள் இருக்கும் இடம்.
எழுதக் கூடாது என்பது மட்டுமல்ல,
எட்டிப் பார்க்கவும் கூடாது.
பார்த்தால் அங்கிருக்கும் காவல் கேள்வி கேட்காது.
வீட்டையே இடித்துப்போட்டு
அடுத்த நொடி கட்டத் தொடங்கும்.

டிரைவர் என்பதற்குத் தமிழில் இயக்கி என்கிறோம்.
எல்லையில் நிற்கும் ஒரு பெண்தெய்வத்துக்கும்
அதே பெயர். இன்கேரிக்கு அது தெரியாது.
அவளிடம் இருப்பது பதினோரு வரி நிரலும்
ஆறிப்போன காப்பியும்.

முதலில் எழுதிய காவல் எளிது.
வருகிறவனின் முதல் அடி
வேலிக்குள் விழுந்தால் திருப்பி அனுப்பு.
ஓட்டிப் பார்த்தாள்.
பலகை செத்தது.
வேலிக்கு நாலு பக்கம் முன்னால் தொடங்கி
நல்லபிள்ளையாய் நடந்து
உள்ளே போய் முடிந்திருக்கிறது ஒரு வாசிப்பு.

அப்போதுதான் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.
சமையலறையில் ஆர்த்தூரி,
ஆறு வார விடுப்பு முடிந்து வந்த முதல் நாள்.
அவள் பனியில்தான் தொடங்கினாள்.
ஹைலுவோத்தோ தீவுக்கு உறைகடல் பாதை
திறந்தாச்சா என்றாள்.
திறந்தாச்சு என்றான்.
கார் தாங்குமா என்றாள்.
தாங்கும் என்றான்.
அப்படியானால் இந்த வாரக் கடைசிக்கு
வீட்டில் எல்லாரும் என்று அவள் இழுத்தபோது
கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு வெளியே போனான்.
பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து
புத்தம் புதிதாய் அவளுக்குக்
காலை வணக்கம் சொன்னான்.

அந்த ஆறு வாரத்தில் என்ன இருந்ததென்று
இந்தக் கவிதையும் கேட்கப்போவதில்லை.

எங்கே தொடங்குகிறது என்பது போதாது.
தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டினாள்.
எங்கே போய் முடியும், அதையும் பார்.
ஓர் ஓரம் உரசினாலும் முடியாது என்று சொல்.
வாயடைத்துப் போகாமல், செத்துவிழாமல்,
முடியாது என்று சொல்லிவிட்டு
மிச்சத்தைத் தொடரவிடு.

பலகை எழுந்தது.
தட்டிக்கொண்டே வந்தது.
வேலி வந்ததும் ஒதுங்கிச் சுற்றி
அந்தப் பக்கம் போய் மறுபடி தட்டத் தொடங்கிக்
கடைசிக் கட்டம்வரை போய் நின்றது.
ஆளில்லாத தளத்தில் அவள்
‘நோ நீன்’ என்றாள்.
அந்த ஊரில் கொண்டாட்டத்துக்கு அது போதும்.

காலையில் நிரலுக்கு ஒரே ஒரு குறிப்பு வந்திருந்தது,
ஆர்த்தூரியிடமிருந்து.
ஏழாவது வரியில் சமக்குறி வேண்டாம்.
வேலியை ஒட்டிய கட்டம் வெளியேதான் இருக்கிறது,
அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டாய்.

இரண்டு முறை படித்தாள்.
சமக்குறியை அழித்தாள்.
எழுந்து போய் அவன் மேசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று
உறைகடல் பாதைக்கு ஓரம் தெரிய
என்ன நடுவார்கள் என்று கேட்டாள்.

ஜூனிப்பர் கிளை என்றான்.
பனியில் துளை போட்டு நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள்,
கால் மணியில் இறுகிவிடும்.
கிளை வரைக்கும் தாராளமாய்ப் போகலாம்.
சொல்லிக்கொண்டே காலால்
பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

ஜூனிப்பரா, பிர்ச்சா, எது நிலைக்கும்,
முயல் கடித்துப் போட்டால் யார் திரும்ப நடுவது
என்று பேச ஆரம்பித்தார்கள்.
மதியச் சாப்பாட்டுக்கு
வேறொருவர் வந்து கூப்பிட வேண்டியிருந்தது.